பள்ளி என்று சொன்னால் என்ன குறை?



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும் நேரத்தில் வாசியுங்கள். நம்மூர் பெற்றோரும் பள்ளி நிருவாக சபையில் உள்ள நானாமாரும் கட்டாயம் வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை.

போன கிழமை எங்கள் பாடசாலையில் தவணைப் பரீட்சை விடைத்தாள்கள் திருத்திக்கொண்டிருந்தோம். ஆங்கில டீச்சர் ஒரு தாளை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். அவர் இந்து. தாள் தரம் 9இல் படிக்கும் நம் பிள்ளை ஒருத்தியுடையது. நான்கு படங்களுக்குக் கீழே ஆங்கிலத்தில் பெயர் எழுத வேண்டும். கோயில், விகாரை, சர்ச் மூன்றுக்கும் பிழையில்லாமல் எழுதியிருந்தாள். நான்காவது படத்தில் மினாராவும் குப்பாவும். அதற்குக் கீழே வெறும் கோடு.

"சேர், மற்ற எல்லாம் தெரிஞ்ச பிள்ளைக்கு அவங்கட பள்ளியின்ட பேர் தெரியாமப் போகுமா?" என்று கேட்டார். எனக்கும் விளங்கவில்லை. இடைவேளையில் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"தெரியும் சேர். ஆனா அந்தச் சொல்ல எழுதினா பாவம்."

"யார் சொன்னது?"

"உம்மாட போனுக்கு வந்துச்சு. மொஸ்க் எண்டா நுளம்பாம். எங்களக் கேவலப்படுத்த வச்ச பேராம்."

"அப்ப மஸ்ஜித் என்றாவது எழுதியிருக்கலாமே?"

"இங்கிலிஷ் பேப்பர்ல அரபு எழுதினா பிழை போடுவாங்களோ எண்டு பயந்தேன் சேர்."

போனது ஒரு புள்ளிதான். ஆனால் அல்லாஹ்வின் வீட்டுக்குப் பெயர் எழுத ஒரு முஸ்லிம் பிள்ளை பயந்து கோடு போட்டு வைத்ததை நினைத்தால் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதற்குக் காரணம் நாம். அந்தச் செய்தி எனக்கும் வந்திருந்தது. உங்களுக்கும் வந்திருக்கும். நானும் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலில் அந்தச் செய்தியைப் பார்ப்போம்.

ஸ்பெயினில் முஸ்லிம்களின் ஆட்சி வீழ்ந்தபோது அங்கிருந்த கிறிஸ்தவ அரசனும் அரசியும் "முஸ்லிம்களை நுளம்பு அடிப்பதுபோல் அடித்துத் துரத்துவோம்" என்று சொன்னார்களாம். நுளம்புக்கு ஆங்கிலத்தில் மொஸ்கிட்டோ. அதிலிருந்துதான் மொஸ்க் வந்ததாம். ஆகவே அந்தச் சொல்லைப் பாவிக்காதீர்கள், பத்துப் பேருக்கு அனுப்புங்கள் என்று முடிகிறது.

கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குத் தமிழ் படிப்பித்த விரிவுரையாளர் ஒருவர், ஒரு சொல்லைப் பற்றி யாராவது கதை சொன்னால் இரண்டு கேள்வி கேட்கச் சொல்வார். எங்கே எழுதியிருக்கிறது? எப்போது எழுதினது? இந்த இரண்டையும் கேட்டாலே அந்தச் செய்தி விழுந்துவிடும்.

கிரனாடா வீழ்ந்தது 1492இல். மொஸ்க் என்ற சொல்லின் பழைய வடிவங்கள் 1400ஐ ஒட்டியே ஆங்கில எழுத்தில் வந்துவிட்டன. மொஸ்கிட்டோ என்ற சொல் ஆங்கிலத்துக்கு வந்ததோ 16ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில். பிந்தி வந்த சொல்லிலிருந்து முந்தி வந்த சொல் எப்படிப் பிறக்கும்?

மொஸ்கிட்டோவின் பிறப்பு வேறு. ஸ்பானிய மொழியில் மொஸ்கா என்றால் ஈ. மொஸ்கிட்டோ என்றால் சின்ன ஈ. அது லத்தீன் மொழி வழியாக வந்த சொல். மொஸ்க் வந்த பாதையில் ஈயும் இல்லை, நுளம்பும் இல்லை. அது நம்முடைய மஸ்ஜித்தேதான்.

அரபு ஜீம் எழுத்தை எல்லா அரபு நாட்டவரும் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. எகிப்தியர் அதைக் 'க' போலச் சொல்வார்கள். அதனால்தான் அவர்களுடைய பழைய ஜனாதிபதி ஜமால் அப்துல் நாஸரின் பெயரைக் கமால் என்று சொல்கிறார்கள். அதே மாதிரி மஸ்ஜித், மஸ்கித் ஆகும். அது ஸ்பானியருடைய வாயில் மெஸ்கீத்தா ஆனது. இத்தாலியில் மொஸ்கேயா, பிரான்சில் மொஸ்கே, இங்கிலாந்தில் மொஸ்க். ஸ்பெயினின் குர்துபா நகரத்துப் பெரிய பள்ளி 1236இல் கிறிஸ்தவத் தேவாலயமாக்கப்பட்டது. இன்று வரைக்கும் அந்த ஊர் மக்கள் அதை மெஸ்கீத்தா என்றுதான் சொல்கிறார்கள். கட்டடம் கைமாறி ஏறக்குறைய 800 வருடமாகியும் ஸுஜூது செய்யும் இடம் என்ற பெயர் அதை விட்டுப் போகவில்லை. இதில் எங்கே கேவலம் இருக்கிறது?

ஆகவே பிள்ளைகளே, பரீட்சையில் தாராளமாக மொஸ்க் என்று எழுதுங்கள். உங்கள் மஸ்ஜித் பல தேசம் சுற்றிவிட்டு ஆங்கில உடுப்போடு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவன் பொய்யனாவதற்குப் போதும் என்ற கருத்துள்ள ஹதீஸை நாம் எல்லோரும் ஜும்ஆ பயானில் கேட்டிருக்கிறோம். செய்தி வந்தால் விசாரித்துப் பாருங்கள் என்பது சூரதுல் ஹுஜுராத்தின் 6ஆவது வசனம் தரும் பாடம். பத்துப் பேருக்கு அனுப்பினால் நன்மை என்று எழுதியிருந்தால் மட்டும் நமக்கு இந்த இரண்டும் மறந்துவிடுகின்றன.

இத்தோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் அந்தச் செய்திக்குக் கீழே நம்மூர் குரூப்பில் தொடங்கிய பேச்சு என்னை மேலும் எழுத வைத்தது.

ஒரு தம்பி இப்படி எழுதியிருந்தார்: "மொஸ்க்கை விடுங்க. நாம சொல்ற பள்ளி மட்டும் என்ன? அதுவும் பௌத்தர்களும் சமணர்களும் பாவிச்ச சொல். நம்ம பள்ளிக்குப் புது போர்ட் எழுதும்போது பள்ளிவாசல் என்றதை எடுத்துட்டு மஸ்ஜித் என்று மட்டும் போடணும்." அதற்குப் பதினைந்து இருபது பேர் ஆதரவு. நிருவாக சபையிலும் இந்தப் பேச்சு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். பழைய பலகை மழையிலும் பனியிலும் உரிந்து போய்விட்டது. புதுப் பலகை எழுதத்தான் வேண்டும். அதில் என்ன எழுதுவது என்பதுதான் இப்போது கேள்வி.

அந்தத் தம்பியின் நிய்யத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர் சொன்ன வரலாற்றிலும் பாதி சரி. பள்ளி என்பது நமக்கு முன்னரே இருந்த சொல்தான். மீதிப் பாதியையும் சேர்த்துப் பார்த்தால் அந்தச் சொல்லை எடுக்க யாருக்கும் மனம் வராது என்று நினைக்கிறேன்.

நான் தமிழ் படிப்பிப்பவன். பள்ளி என்ற சொல்லுக்குத் தமிழில் பல பொருள். சிற்றூர் என்று ஒரு பொருள், திருச்சிராப்பள்ளி போன்ற ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். படுக்கும் இடம் என்று ஒரு பொருள். பள்ளியறை, பள்ளிகொள்ளுதல் என்று சொல்வது அதனால்தான். துறவிகள் தங்கும் இடம் என்று ஒரு பொருள். அங்கே கல்வியும் நடந்ததால் பள்ளிக்கூடம்.

எவ்வளவு பழைய சொல் தெரியுமா? மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளம் என்ற இடத்தில் ஒரு மலை. அங்குள்ள குகைகளில் சமணத் துறவிகள் தங்கினார்கள். அவர்களுக்குக் குகையை வெட்டிக் கொடுத்தவர்கள் அதைத் தமிழ் பிராமி எழுத்தில் பாறையிலேயே பொறித்து வைத்தார்கள். ஏறத்தாழ 2200 வருடத்துக்கு முந்திய அந்த எழுத்தில் 'பளிய்' என்று இருக்கிறது. பள்ளி என்பதன் பழைய வடிவம் அது.

பிறகு சோழர் காலம். சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விட்டுக்கொடுத்த நிலத்துக்குக் கல்வெட்டுகளில் பள்ளிச்சந்தம் என்று பெயர். நமது நாட்டிலேயே திருகோணமலைக்குப் பக்கத்தில் வெல்கம் விகாரை இருக்கிறது. தமிழ்ப் பௌத்தர்கள் வழிபட்ட விகாரை. 11ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகளில் அதன் பெயர் இராஜராஜப் பெரும்பள்ளி.

அடுத்தது கிறிஸ்தவர்கள். கேரளத்துக் கொல்லத்தில் கி.பி. 849இல் ஒரு கிறிஸ்தவ ஆலயத்துக்கு உரிமைகள் கொடுத்து எழுதிய செப்பேடுகள் இருக்கின்றன. அந்த ஆலயத்தின் பெயர் தரிசாப்பள்ளி. செப்பேட்டுக்குச் சாட்சிக் கையெழுத்து வைத்தவர்கள் யார்? கூஃபி அரபு எழுத்தில் சிலர், பஹ்லவி எழுத்தில் சிலர், எபிரேய எழுத்தில் சிலர். ஒரு கிறிஸ்தவப் பள்ளியின் உறுதிக்கு முஸ்லிம் வியாபாரிகளும் யூதர்களும் சாட்சி. இன்றும் கேரளத்தில் சர்ச்சும் பள்ளி, மஸ்ஜிதும் பள்ளி, யூதர்களின் ஆலயமும் பள்ளி.

அதே வரிசையில்தான் நாம் வருகிறோம். இராமநாதபுரத்தில் திருப்புல்லாணி என்ற ஊர், கீழக்கரைக்குப் பக்கம். அங்கே ஒரு பெருமாள் கோயில். அந்தக் கோயிலின் கல்வெட்டு ஒன்று, 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய மன்னன் சோனகரின் பள்ளி ஒன்றுக்குக் கொடை கொடுத்ததைச் சொல்கிறது. நன்றாகக் கவனியுங்கள். இந்துக் கோயிலின் கல்லில், தமிழ் எழுத்தில், முஸ்லிம்களின் தொழும் இடத்துக்கு அரசன் கொடுத்த கொடை. அங்கே எழுதியிருப்பது பள்ளி. சோனகர் என்பது நம்முடைய பிறப்புச் சான்றிதழில் இன்றும் இருக்கும் சொல்.

இப்போது ஒரு பொதுவான ஒழுங்கு தெரிகிறதா? சமணர், பௌத்தர், கிறிஸ்தவர், யூதர், முஸ்லிம் என்று வெவ்வேறு நம்பிக்கைக்காரர் கூடிய இடங்களுக்கெல்லாம் நம் முன்னோர் பள்ளி என்ற ஒரே மரியாதையான சொல்லைக் கொடுத்திருக்கிறார்கள். சூரதுல் ஹஜ்ஜின் 40ஆவது வசனத்தை எடுத்துப் பாருங்கள். அல்லாஹ்வின் பெயர் நினைவுகூரப்படும் இடங்கள் பாதுகாக்கப்படுவதைப் பற்றிச் சொல்லும்போது, துறவிகளின் மடங்களும் கிறிஸ்தவர்களின் ஆலயங்களும் யூதர்களின் ஆலயங்களும் மஸ்ஜித்களும் ஒரே வசனத்தில் வருகின்றன. இப்படிப்பட்ட நான்கையும் பள்ளி என்று அழைத்த மொழி நம்முடைய மொழி.

"முன்னர் வேறு மதத்தவர் பாவித்த சொல் நமக்கு ஆகாது" என்பது தம்பியின் வாதம். அப்படிப் பார்த்தால் மஸ்ஜித் என்ற சொல்லையே நாம் பாவிக்க முடியாது. நபி (ஸல்) அவர்களுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே, பெட்ராவை ஆண்ட நபதேயர்களின் கல்வெட்டுகளில் அதே வேரிலிருந்து வந்த சொல் இருக்கிறது. அவர்கள் அதை வழிபாட்டுக்காக நிறுத்திய கல்லுக்குப் பாவித்தார்கள். இஸ்லாம் வந்து அந்தச் சொல்லைத் தூக்கி எறியவில்லை. கல்லை எடுத்துவிட்டு, சொல்லை அல்லாஹ்வுக்கு மட்டும் ஸுஜூது செய்யும் இடத்துக்குக் கொடுத்தது. வெள்ளிக்கிழமை தோறும் நாம் ஓதும் சூரதுல் கஹ்ஃபில், குகைவாசிகள் இருந்த இடத்தில் மக்கள் எழுப்ப நினைத்த கட்டடத்துக்கும் மஸ்ஜித் என்றே வருகிறது. அதுவும் நபி (ஸல்) அவர்களுக்கு முந்திய காலத்துக் கதை. அல்லாஹ் என்ற திருநாமத்தை அரபுக் கிறிஸ்தவர்களும் சொல்கிறார்கள். அதற்காக நாம் விட்டுவிட்டோமா?

நம் வாயில் உள்ள மற்றச் சொற்களைப் பாருங்கள். தொழுகை சுத்தமான தமிழ்ச் சொல். கோயிலுக்குப் போகிறவர்களும் தொழுகிறார்கள். ஓதுதல்? சிவன் கோயிலில் தேவாரம் பாடுபவருக்கு ஓதுவார் என்று பெயர். நாம் குர்ஆன் ஓதுகிறோம். நோன்பு? நம் பக்கத்து லயத்து அக்காமாரும் நோன்பு இருக்கிறார்கள். பெருநாள்? கேரளத்துக் கிறிஸ்தவர்களுக்கும் பெருநாள் உண்டு. பள்ளியை விட்டால் இவை எல்லாவற்றையும் விட வேண்டும். பிறகு நம் உம்மும்மாமாரின் துஆவில் என்ன மிஞ்சும்?

மற்ற நாட்டு முஸ்லிம்களும் இப்படித்தான். பாரசீகர் தொழுகையை நமாஸ் என்பார்கள். அது அவர்கள் இஸ்லாத்துக்கு வர முன்னர் இருந்த சொல். நமஸ்காரத்தில் உள்ள நமஸுக்கும் அதற்கும் ஒரே வேர். சீன முஸ்லிம்கள் பள்ளிக்குச் சொல்லும் பெயரின் கடைசியில் வருவது 'ஸி' என்ற சொல், பௌத்த மடத்துக்கும் அதே 'ஸி'தான். அவர்களுடைய ஸுஜூது கபூலாகாது என்று யாரும் சொல்லவில்லை.

நமக்கோ பள்ளி என்ற சொல் பொருளிலும் வெகு பொருத்தம். மதீனாவில் நபி (ஸல்) அவர்களின் மஸ்ஜிதில் ஒரு பக்கத்தில் திண்ணை இருந்தது. வீடு வாசல் இல்லாத ஏழை ஸஹாபாக்கள் அங்கேதான் தங்கினார்கள், தூங்கினார்கள், படித்தார்கள். அஸ்ஹாபுஸ் ஸுஃப்பா என்று அவர்களை அறிவோம். அபூஹுரைரா (ரழி) அவர்களில் ஒருவர். தங்கும் இடம், படிக்கும் இடம், அல்லாஹ்வை வணங்கும் இடம் மூன்றும் ஒரே கூரையின் கீழ். தமிழில் இந்த மூன்றையும் ஒரே சொல்லில் சொல்லப் பார்த்தால் பள்ளி என்பதைவிட வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. சொல்லின் பிறப்பு அதுவென்று நான் கூறவில்லை. பொருந்தியிருப்பதைப் பாருங்கள் என்கிறேன்.

அதோடு வாசல் வேறு சேர்ந்திருக்கிறது. வாசல் என்றால் ஆள் வருவதற்கு உள்ளது. நம் டவுனில் மழை கொட்டும்போது பாருங்கள். பஸ்ஸுக்கு நிற்கும் தோட்டத்துப் பெண்கள் சாக்கும் கூடையுமாகப் பள்ளி வாசல் தாழ்வாரத்தில்தான் ஒதுங்குகிறார்கள். மோதினார் ஒரு நாளாவது போகச் சொல்லி நான் பார்த்ததில்லை. பெயரில் உள்ள வாசல் இப்படித்தான் உயிரோடு இருக்கிறது.

மறுபக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். மஸ்ஜித் குர்ஆனில் உள்ள சொல். உலகத்தின் எந்த மூலைக்குப் போனாலும் முஸ்லிமுக்கு விளங்கும் சொல். நம் பிள்ளைகள் அதை அறிய வேண்டும், அதன் வேர் ஸுஜூது என்று விளங்க வேண்டும். வீட்டில் மஸ்ஜித் என்று சொல்லிப் பழக்குபவர்கள் நல்லதைத்தான் செய்கிறார்கள். பள்ளிகளுக்கு நாம் வைக்கும் பெயர்களும் அரபுதான். அதில் யாருக்கும் ஆட்சேபனை இல்லை. ஒரு சொல்லைக் கொண்டுவர இன்னொரு சொல்லை அழிக்க வேண்டுமா என்பதே என் கேள்வி. பழைய பலகையில் இரண்டும் இருந்தன. மேலே அரபுப் பெயர், கீழே ஜும்ஆப் பள்ளிவாசல். இத்தனை வருடமும் அதை எழுதி வைத்தவர்கள் ஈமான் குறைந்தவர்களா? பனியில் சுபஹுக்கு எழும்பி, டோர்ச் வெளிச்சத்தில் நடந்து வந்து தொழுதவர்கள் அவர்கள்.

நாம் எங்கே வாழ்கிறோம் என்பதையும் யோசிப்போம். ஹட்டனிலும் தலவாக்கலையிலும் மஸ்கெலியாவிலும் நாம் கொஞ்சப் பேர். சுற்றிவர இந்துக்கள், கிறிஸ்தவர்கள், பௌத்தர்கள். சிங்களத்தில் பன்சல, கோவில, பல்லிய என்று வரிசையாகச் சொல்வார்கள். அந்தப் பல்லிய நம்முடைய பள்ளிதான். சர்ச்சுக்கும் அதே பல்லிய, நமக்கும் அதே பல்லிய. ஆட்டோக்காரத் தம்பியிடம் "பள்ளிக்குப் போகணும்" என்றால் அவர் எந்த இனமாக இருந்தாலும் கொண்டுபோய் விடுவார். நாட்டின் 1956ஆம் ஆண்டு 51ஆம் இலக்க வக்பு சட்டத்தைத் தமிழில் சொல்லும்போதும் முஸ்லிம் பள்ளிவாசல்கள் என்றே தொடங்குகிறோம்.

2019 ஏப்ரலுக்குப் பிறகு நாம் எல்லோரும் பட்டது ஞாபகம் இருக்கிறதல்லவா? அதுவரை பத்து வருடம் ஒன்றாக டீ குடித்தவர்கள்கூட நம் வீட்டு அரபு எழுத்தைப் பார்த்து "இதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார்கள். அது குர்ஆன் வசனம் என்று விளங்கப்படுத்தி விளங்கப்படுத்திக் களைத்துப் போனோம். நியாயமில்லாத சந்தேகம்தான். அந்தச் சந்தேகத்துக்குப் பயந்து அரபை மறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் யாரும் கேள்வி கேட்காத ஒரு சொல், இந்த மண்ணில் நாம் நேற்று வந்தவர்கள் இல்லை என்பதற்குக் கல்வெட்டே சாட்சியாக இருக்கும் ஒரு சொல், நம் கையில் இருக்கிறது. அதை நாமே நம் வாசலிலிருந்து கழற்றி எறிவது புத்தியா? "நீங்கள் வெளியிலிருந்து வந்தவர்கள்" என்று சொல்பவர்களுக்கு அதைவிட நல்ல உதவி செய்ய முடியாது.

நம் கண்முன்னே ஒரு மலை நிற்கிறது. இந்துக்கள் சிவனொளிபாதமலை என்கிறார்கள். பௌத்தர்கள் ஸ்ரீபாத என்கிறார்கள். நம் மூத்தவர்கள் பாவா ஆதம் மலை என்றார்கள். இப்னு பதூதா 1344இல் இங்கே வந்து ஏறிப்போனதும் அதே மலைதான். ஒருவருடைய பெயரால் இன்னொருவருடைய பெயர் அழிந்து போகவில்லை. மலையும் ஒரு அங்குலம் குறையவில்லை.

நிருவாக சபை நானாமாரிடம் ஒரு வேண்டுகோள். புதுப் பலகையில் மஸ்ஜித் இருக்கட்டும், அரபு எழுத்திலேயே அழகாக எழுதுங்கள். அதற்குக் கீழே ஜும்ஆப் பள்ளிவாசல் என்று தமிழில் எழுதுங்கள். அதற்கும் கீழே சிங்களத்தில் எழுதுங்கள். மூன்று வரிக்கு இடம் போதாவிட்டால் பலகையைக் கொஞ்சம் பெரிதாகச் செய்வோம். அதற்கு ஆகும் மேலதிகச் செலவில் என் பங்கைத் தர நான் தயார்.

அந்தத் தம்பியிடமும் ஒன்று. கோபிக்க வேண்டாம். உங்களுக்கு வரலாற்றில் ஆர்வம் இருப்பது சந்தோஷம். பாதியில் நிற்காமல் மீதியையும் தேடிப் படியுங்கள். நான் சொன்னதில் பிழை இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

பெற்றோரிடம் ஒன்று. போனுக்கு வந்ததைப் பிள்ளைக்கு வாசித்துக் காட்ட முன்னர், எங்கே இருக்கிறது, எப்போது எழுதினது என்று ஒரு தடவை கேளுங்கள். தெரியாவிட்டால் மௌலவியிடம் கேளுங்கள், எங்களைப் போன்ற ஆசிரியர்களிடம் கேளுங்கள். பிள்ளைகள் உங்கள் வார்த்தையை ஹதீஸ் மாதிரி நம்புகிறார்கள். பாவம் என்று நீங்கள் சொன்னால் பரீட்சையில் புள்ளி போனாலும் பரவாயில்லை என்று கோடு போட்டுவிட்டு வருவார்கள். அவ்வளவு நல்ல பிள்ளைகளைப் பொய்யான செய்திக்காகப் பயப்படுத்தக் கூடாது.

அந்தப் பிள்ளைக்கு மேலே சொன்ன கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். மஸ்கித், மெஸ்கீத்தா, மொஸ்க் என்று கரும்பலகையில் ஒன்றன்பின் ஒன்றாக எழுதிக் காட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தவள், "அப்ப மூணும் ஒண்டுதானே சேர்?" என்றாள். ஆமாம் என்றேன். "பள்ளியும் சேர்த்தா நாலு" என்று அவளே எழுந்து வந்து கடைசியில் எழுதினாள்.

புள்ளியைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று ஆங்கில டீச்சர் சொல்லிவிட்டார். அது நியாயம்தான். அடுத்த தவணையில் எடுத்துக்கொள்வாள், இன்ஷா அல்லாஹ்.

அல்லாஹ் நம் நாவுகளைப் பேணிப் பாதுகாப்பானாக. நம் பள்ளி வாசல்கள் எல்லோருக்கும் திறந்தே இருக்கட்டும். ஆமீன்.

வஸ்ஸலாம்.